ஓகே ஆகாத ஷாட்

என் மகன் ஸ்டீவனைப் பெட்டியோடு வாசலில் இறக்கியபோது கூடியிருந்த சனம் அவனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தது. அம்மாக்காரி எப்போது கத்துவாள், எப்போது விழுவாள் என்று காத்திருந்தது. தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்கள் எனக்குப் பின்னால் தயாராகவே நின்றார்கள். நான் விழவில்லை. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு இடது கால் மட்டும் கிடந்தது. வலது எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். பெற்ற பிள்ளை பெட்டியில் கிடக்கும்போது புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பின்விளக்கு எரியாமல் நிறுத்தி வைத்திருந்த ஒரு லாரியில் அவன் பைக் மோதிவிட்டது. அவ்வளவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் இதையேதான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொல்லேன் என்பது போல நின்றவர்களும் உண்டு. அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

என் நாத்தனார் கன்னியம்மா ஒப்பாரியில் பேர் வாங்கியவள். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவள் பாட்டெடுத்தால் செத்தவனின் கடன்காரன்கூட அழுவான். அன்றைக்குத் தம்பி மகனுக்காக அவள் அடித்துக்கொண்டதில் மார்பு சிவந்துவிட்டது. நடுநடுவே கையை முந்தானைக்குள் விட்டு என் தொடையைக் கிள்ளினாள்.

"அயுதுடு ரோஸு. மனசுல வெச்சிக்காத. எல்லாரும் பாக்கறாங்க, அயுதுடு."

வலித்தது. வலி தெரிந்ததே தவிர அழுகை வரவில்லை. என் புருஷன் தானியேல் அழுதார். இரும்புக் கம்பெனியில் உலைப் பக்கம் நிற்கிற மனுஷன், சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். ஊர் அவரைத் தேற்றியது. என்னைத் தேற்ற யாருக்கும் வழி தெரியவில்லை. அழாதவளை எப்படித் தேற்றுவது?

"கல்லு மாதிரி குந்திக்கினு கீறா பாரு," என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு வெங்காயம் உரிக்கலாம். உரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துவிட்டு கூட வேலை செய்கிறவர்கள், "வுடுங்க, அழட்டும், அழுதாதான் பாரம் கொறையும்," என்று ஒருத்தருக்கொருத்தர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அட மூதேவிகளா, வெங்காயம்டி! ஆனால் அதைச் சொல்லவும் அலுப்பாக இருந்தது. அவர்கள் ஆசைப்பட்டபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். அவன் குரல் எனக்குள் அழிந்துகொண்டிருந்தது. அவன் சொன்ன வார்த்தை எல்லாம் நினைவிருந்தது, ஒன்று விடாமல். குரல்தான் வரவில்லை. நினைத்துப் பார்த்தால் அவன் பேசியதெல்லாம் என் குரலிலேயே கேட்டது. வீட்டில் அவன் போட்டோ இருந்தது, சட்டை இருந்தது. குரல் எதிலும் இல்லை. போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது, எல்லாம் டைப்தான். வீடியோவிலும் வரமாட்டான். "எடுக்கிறவன் உள்ள வரக்கூடாதும்மா," என்பான். அவன் போன் ரோட்டிலேயே நொறுங்கிப் போயிற்று.

அவன் படித்தது விஸ்காம். தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வருவான். முதல் வருடத்தில் எல்லாக் கலைக்கும் சேர்த்து ஒரே அறிமுகப் பாடம். ஓவியத்தின் வரலாறு கொஞ்சம், மொழி கொஞ்சம், சினிமா கொஞ்சம், இலக்கியம் கொஞ்சம். கூட்டு, பொரியல், ஊறுகாய் என்று இலையில் வைத்த மாதிரி. அவனுக்குத் தனியாகப் படித்தால் மண்டையில் ஏறாது. நான் சமைக்கும்போது அடுப்பு மேடை மேல் ஏறிக் குந்திக்கொண்டு எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் படிப்பான்.

"தூரத்துல கீறது சின்னதாத் தெரியும், கிட்ட கீறது பெருசாத் தெரியும். இத ஓவியத்துல கொண்டாறதுக்கு நெறைய காலம் ஆச்சும்மா."

"இதுக்கு எதுக்குடா காலேஜு? ரயில்வே கேட்டுல நின்னா எனக்கே தெரியும்."

"தெரியறது வேற, வரையறது வேற."

இன்னொரு நாள் மொழிப் பாடம். மரம் என்கிற சொல்லுக்கும் நிஜ மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதாம். எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டதால்தான் அது மரமாம்.

"அப்போ உன்ன நான் நாயின்னு கூப்ட்டா?"

"ஊரே ஒத்துக்கினா நான் நாய்தான்."

"ஊரு இன்னா ஒத்துக்கறது? பெத்தவ நான் சொல்றேன், நாயே, எறங்கு கீழ."

சிரித்தான். சிரித்தான் என்று எழுதுகிறேன், அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்று சொல்ல முடியவில்லை.

சினிமாப் பாடத்தில் ஒன்று சொன்னான், அதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு மனுஷனின் முகத்தை எடுக்கிறார்கள். ஒன்றுமே காட்டாத வெறும் முகம். அதற்கு அடுத்து ஒரு தட்டுச் சோற்றைக் காட்டினால் பார்க்கிறவர்கள், ஐயோ பாவம் பசி என்பார்களாம். அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டியைக் காட்டினால், என்ன துக்கம் பார் என்பார்களாம். முகம் மாறவே இல்லை.

"அப்போ மூஞ்சில ஒண்ணுமே இல்லியா?"

"இல்லம்மா. பக்கத்துல இன்னா வெக்கிறோமோ அதான் மூஞ்சில தெரியும்."

தப்பு, ஸ்டீவா. உன் பெட்டியை என் முகத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள். அத்தனை பேர் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் துக்கம் தெரியவில்லை. கல் என்றார்கள். உன் வாத்தியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இரண்டாம் வருடம் தொடங்கியதும் ஒரு குறும்படம் எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கோயில் சுவரில் சிலுவைப் பாதைப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பதின்மூன்றாம் ஸ்தலத்தில், சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். சின்ன வயதிலிருந்து அதற்கு எதிரில் முட்டி போட்டிருக்கிறேன். அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினான்.

"பாரும்மா, முக்கோணம். மாதா தலதான் உச்சி. ரெண்டு பக்கமும் துணி எறங்குது. கீழ மகன். கண்ணு வேற எங்கியும் ஓடாது, மறுபடி மறுபடி அம்மா மூஞ்சிக்கே வரும்."

அதைத்தான் படமாக எடுத்தான். கம்பெனியில் விபத்தில் செத்த மகனை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற அம்மா. அவ்வளவுதான் கதை. அம்மா நான். செத்த மகன் ஆகாஷ், அவன் கூடப் படிக்கிற பையன். படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டிங் வேலை ஜெபாவுக்கு. திருவள்ளூர்ப் பெண், வாய் ஓயாமல் பேசும், கை அதைவிட வேகம். ஆடி மாதத்தில் ஒரு பகல் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் எடுத்தார்கள். கண்ணில் கிளிசரின் விட்டார்கள். அழுதேன்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கும், லாரி.

ஊர் வாயை மூட முடியுமா? பொய்ச் சாவு எடுத்தான், நிஜச் சாவு வந்துவிட்டது என்றார்கள். அம்மாக்காரி முன்கூட்டியே அழுதுவிட்டாள், அதனால்தான் இப்போது கண்ணில் தண்ணீர் இல்லை என்றும் சொன்னார்கள். கன்னியம்மா அதை என்னிடமே சொன்னாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"சாவுன்னு சொன்னா சாவு வந்துடுமா அண்ணி? அப்போ நீங்க பாடின ஒப்பாரிக்கு இந்தத் தாலுகாவுல ஒருத்தன் உசிரோட இருப்பானா?" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின வாரம் ஜெபாவும் ஆகாஷும் லேப்டாப்போடு வந்தார்கள். படத்தை முடித்துவிட்டார்களாம். பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் திரை கட்டிக் காட்டலாம் என்று ஃபாதர் சம்மதித்துவிட்டாராம். ஆகாஷ் என் பக்கத்தில் உட்காரவே கூச்சப்பட்டான். செத்தவனாக நடித்தவன் உயிரோடு இருப்பது அவனுக்கே குற்றமாகப் பட்டதோ என்னவோ. தட்டில் முறுக்கு வைத்தேன், தொடவில்லை.

படத்தைப் போட்டாள். எங்கள் நீலச் சுவர். பாய். என் மடியில் ஆகாஷ். நான் அழுகிறேன். கன்னம் கோணுகிறது, மூக்கு ஒழுகுகிறது, தலையைப் பின்னால் சாய்த்துக் கதறுகிறேன். சத்தம் கிடையாது, அதற்குப் பதில் ஏதோ வயலின். யாரோ ஒரு பொம்பிளை அழுகிற மாதிரிப் பார்த்தேன். நல்ல பொம்பிளை, மகன் செத்தால் ஒழுங்காக அழுகிறாள். பின்னால் நின்று பார்த்த கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சினிமாவுக்கு வருது, பெத்த புள்ளைக்கு வரல," என்று முனகினாள்.

கடைசியில் கறுப்புத் திரையில் அவன் பெயர் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது. இயக்கம், ஸ்டீவன் தானியேல்.

"அவன் எங்க?" என்றேன்.

ஜெபா புரியாமல் பார்த்தாள். "யாரு ஆன்ட்டி?"

"ஸ்டீவன். அன்னிக்குப் பூரா கத்திக்கினே இருந்தானே. அந்தப் பக்கம் திரும்பு, இந்தப் பக்கம் திரும்பு, ஆக்ஷன், கட்டுன்னு. அதெல்லாம் எங்க?"

"அது... டைரக்டர் வாய்ஸ் படத்துல இருக்கக் கூடாது ஆன்ட்டி. எடுத்துட்டு மியூசிக் போட்டுட்டேன்."

"எடுத்தத எங்க வெச்ச?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பில் இடம் போதாது என்று, ஓகே ஆன ஷாட்டுகளை மட்டும்தான் கார்டிலிருந்து ஏற்றியிருக்கிறாள். படம் முடிந்ததும் அதையும் அழித்துவிட்டாள். எல்லோரும் செய்வதுதானாம். மிச்சமெல்லாம் கேமரா கார்டிலேயே கிடந்தது. கேமராவும் கார்டும் கும்மிடிப்பூண்டி பஜாரில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் தணிகாசலத்துடையது. ஆடி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்தாயிற்று.

"கெளம்பு," என்றேன்.

"ஆன்ட்டி, அவரு ஃபார்மட் பண்ணி..."

"கெளம்புடி."

முப்பது முடியாமல் துக்கக்காரி தனியாக வெளியே போகக் கூடாது என்று கன்னியம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேலைக்குப் போகும்போது வராத துணை! ஷேர் ஆட்டோவில் ஆகாஷ் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். அவன் குரல் அந்தக் கடையில் ஒரு டிராயருக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை.

தணிகாசலம் ஐம்பது வயதுக்காரர், நெற்றி நிறைய விபூதி. கேமரா பையைத் திறந்து வைத்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டீவன் அம்மா என்று ஜெபா சொன்னதும் எழுந்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அந்தக் கார்டா? ஆவணி பொறந்ததும் மொத வேலையா எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிட்டேம்மா. முகூர்த்தம் வரிசையா நிக்குது. பழசு எதுவும் கார்டுல தங்கக் கூடாது, பூ வெச்சுக் கும்பிட்டுட்டுதான் மணமேடைக்கு எடுத்துக்கினு போவேன். அதுலயும் அது..." என்று நிறுத்தினார்.

"அது இன்னா?"

"சாவு எடுத்த கார்டும்மா. பசங்க சொல்லாம எடுத்துட்டாங்க. திருப்பிக் குடுக்கும்போது போட்டுப் பாத்தா, மடியில பொணம். அத எப்டி முகூர்த்தத்துக்கு எடுத்துக்கினு போறது?"

"நடிப்புண்ணா அது. செத்தவன் இதோ நிக்கிறான்," என்று ஆகாஷைக் காட்டினாள் ஜெபா.

"கார்டுக்குத் தெரியுமா நடிப்புன்னு? படத்துல சாவு சாவுதான்."

கன்னியம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டது. எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் ஜெபா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அப்போ அந்தக் கார்ட கல்யாணத்துக்கே யூஸ் பண்ணலியா?"

"சீ, தொடுவேனா? தனியா வெச்சிட்டேன். ஒரே ஒரு கட்சிக் கூட்டத்துக்குத்தான் போட்டேன். அதுக்கு இன்னா சாங்கியம் வேண்டிக் கெடக்குது?"

"கட்சிக் கூட்டம் எவ்ளோ நேரம்ணா?"

"கொஞ்ச நேரந்தான். தலைவரு வரல."

ஜெபா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது உடனே போய்விடாதாம். அதன்மேல் புதிதாக எடுக்க எடுக்கத்தான் பழசு அழியுமாம். கல்யாணத்துக்குப் போயிருந்தால் மூன்று மணி நேரம் சோறு பரிமாறுவதை எடுத்தே எல்லாம் போயிருக்கும். அந்த மனுஷனின் பயம்தான் மிச்சம் வைத்திருக்கிறது. இதை அவரிடம் சொல்லாமல் கார்டை மட்டும் கேட்டாள்.

தணிகாசலம் தேடி எடுத்துக்கொடுத்தார். அவர் கம்ப்யூட்டரிலேயே அழிந்ததைத் தேடுகிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது, தாலி கட்டுகிற காட்சியைத் தொலைத்துவிட்டு உதை வாங்காமல் இருக்க வாங்கி வைத்தாராம். அதை ஓடவிட்டார்கள். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. அது நகர்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தணிகாசலம் டீ சொன்னார். குடித்தேன். இனிப்பு அதிகம்.

முதலில் வந்தது கட்சிக் கூட்டம். மைக்கைப் பிடித்த ஒருவர் வாயைத் திறந்தபடியே கட்டம் கட்டமாக உடைந்தார். அடுத்தது திறக்கவில்லை. அதற்கடுத்ததும் திறக்கவில்லை. ஜெபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்றே ஒன்று திறந்தது. எங்கள் நீலச் சுவர்.

பாயில் ஆகாஷ் மல்லாந்து கிடக்கிறான். நான் உட்கார வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பிறகு படத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் ஆகாஷ், வயித்த அமுக்குடா. பொணத்துக்கு வயிறு இப்டி ஏறி எறங்குமா?"

அதுதான். நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெல்லிய குரல். லேசாக மூக்கடைப்பு. ஆமாம், அவனுக்கு அன்றைக்குச் சளி. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து என் குரல், அதுவும் வெளியிலிருந்து. "எனக்கு வரலடா. அழுவுன்னா எப்டி அழுவறது? வேற யாரனா வெச்சு எடுத்துக்க."

"இது டேக்கு இல்ல," என்றாள் ஜெபா மெதுவாக. "ஃப்ரேம் பாக்கறதுக்கு ஆன் பண்ணி அப்டியே வுட்டுட்டான். நான் வெளிய வெளிச்சத்துக்குத் தெர்மகோல் புடிச்சிக்கினு நின்னேன்."

அந்த மத்தியானம் எனக்கு நினைவிருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது மட்டும் தெரியாது. உள்ளே வரவே மாட்டேன் என்கிறவன் நேராக உள்ளே வந்தான். என் மகன். கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் துண்டு. நான் உட்கார வேண்டிய இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். ஆகாஷின் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். துண்டை முந்தானை மாதிரித் தலையில் போட்டுக்கொண்டு, மார்பில் அறைந்துகொண்டு ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்கள், கடையில் இருந்த தணிகாசலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. படத்துக்குள் ஆகாஷ் குலுங்கினான். வெளியே நான் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூச்சு முட்டச் சிரிக்கிறேன்.

என் பக்கத்தில் கன்னியம்மா விறைத்துப்போனாள். "நான் அழுவற மாதிரியா பண்றான்?" என்றாள்.

படத்தில் அவன் துண்டை இறக்கினான். "இது அத்தை. ஊருக்குத் தெரிஞ்ச அழுகை. எங்கம்மா இப்டி அழ மாட்டாங்கடா. எங்கம்மா எப்டின்னு காட்டட்டா?"

துண்டை எடுத்துத் தோளில் போட்டான், அடுப்படியில் நான் போட்டுக்கொள்கிற மாதிரி. முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. ஒன்றுமே இல்லாத முகமாக ஆயிற்று. குனிந்து ஆகாஷைப் பார்த்தான். தோளைத் தட்டினான். பேசினான். என் குரல் அது, என் அவசரம், என் எரிச்சல்.

"ஏய், எந்திரி. வண்டி போயிடும். டிபன் கட்டி வெச்சிட்டேன். ஏய், இன்னா தூக்கம்? எந்திரிடா நைனா. எந்திரி."

மறுபடி தட்டினான். இன்னும் கொஞ்சம் பலமாக. பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்தான். படத்துக்குள் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. என் சிரிப்பும் நின்றுவிட்டது.

"இதான் எங்கம்மா," என்றான், தலையை நிமிர்த்தி. "செத்துட்டேன்னு ஒத்துக்கவே மாட்டாங்க. ஆனா இத வெச்சா பாக்கறவங்களுக்குப் புரியாது. அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வேணும். ஜெபா, அந்தக் கிளிசரின எடு. எம்மா, வா, வந்து குந்து."

எழுந்து கேமராவைப் பார்த்து வந்தான். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கு, மேலுதட்டு மீசைப் பூனைமயிர், ஒரு கண். அப்படியே கட்டங்களாக உடைந்து நின்றுவிட்டது.

ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தணிகாசலம் எங்கேயோ பார்த்தார். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதது, எனக்கே தெரியாதது, அந்தப் பொடியனுக்குத் தெரிந்திருக்கிறது. என் முகத்துக்குப் பக்கத்தில் எதையும் வைக்காமலே அதில் இருந்ததைப் பார்த்திருக்கிறான்.

"எந்திரிடா," என்றேன், உடைந்து நின்ற அந்தக் கண்ணைப் பார்த்து. கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எந்திரி. வண்டி போயிடும்."

அடுத்த தடவை சொன்னபோது அது சொல்லாக வரவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மேசையிலிருந்த டீ கிளாஸ் விழுந்தது. பஜாரில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மானிட்டரின் இரண்டு பக்கத்தையும் பிடித்து உலுக்கினேன். தணிகாசலம் தடுக்கவில்லை.

"போதும் ரோஸு, போதும், வுடு," என்றாள் கன்னியம்மா. அழு அழு என்று தொடையைக் கிள்ளியவள், இப்போது பயந்துபோய் என் வாயைப் பொத்தப் பார்த்தாள். நான் அவள் கையைத் தள்ளிவிட்டு அவனை எழுப்பிக்கொண்டே இருந்தேன்.